499 ரூபா பிடிஎஃப்பும் தாராவித் தம்பியோட தோல் பையும்

முதல்லயே சொல்லிடறேன், இன்னிக்குக் கோவத்தோடதான் எழுதறேன்.

மும்பை தாராவில நைன்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்துல தோல் பை தைக்கற குடும்பம் ஒண்ணு எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன். மகன் பி.காம் முடிச்சுட்டு, அப்பாவோட யாவாரத்தைப் பாத்துக்கறான். கொஞ்ச நாள் முன்னால அந்தத் தம்பி வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பி, "அக்கா, இதுல சொன்ன மாதிரியேதான் லிங்க்ட்இன்ல போடுதேன். ஒருத்தரும் பாக்கல. என்னன்னு கொஞ்சம் பாருங்க"ன்னு கேட்டிருந்தான்.

பாத்தேன். லிங்க்ட்இன்ல வைரல் ஆகறதுக்கான ரகசியங்களாம். யாரோ ஒரு "பயிற்சியாளர்" ஆன்லைன்ல வித்தது. விலை 499 ரூபா.

அந்தக் காசை எடுக்க அந்தக் கடைல எத்தனை பெல்ட்டுக்கு ஓட்டை போடணும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இந்தக் கோவம்.

உள்ள என்ன இருந்துச்சு? சரியா காலைல எட்டு மணிக்குப் போடு. பத்துப் பதினஞ்சு ஹேஷ்டேக் வை. ஒவ்வொரு வரிக்கும் நடுல ஒரு வெத்து வரி விடு. கடைசில "வேணும்னா யெஸ்னு கமென்ட் பண்ணுங்க"ன்னு எழுது. இருபது பேர் சேந்து ஒரு குரூப் ஆரம்பிச்சு, ஒருத்தர் போஸ்ட்டுக்கு மத்தவங்க எல்லாரும் உடனே லைக் போடுங்க. அப்புறம், விடியக்காலம் எழுந்து ஐஸ் தண்ணில குளிச்சு உன் வாழ்க்கை எப்படி மாறிச்சுன்னு ஒரு கதை எழுது.

(அந்தச் சந்துல குழாய்ல தண்ணி வர்றதே காலைல கொஞ்ச நேரம்தான். குடத்தை ரொப்பறதா, போஸ்ட் எழுதறதா?)

சரி. கோவத்தைத் தூக்கி ஓரமா வச்சுட்டு விஷயத்துக்கு வரேன். நானும் பல வருஷமா லிங்க்ட்இன்ல எழுதறவ. செம்பூர்ல இருந்து தினமும் ஹார்பர் லைன்ல ஆபீஸ் போயிட்டு வரும்போது எழுதி எழுதிப் பாத்துக் கத்துக்கிட்டது கொஞ்சம் இருக்கு. அதை இந்தத் தம்பிக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்றேன், இலவசமா.

முதல்ல அந்த இடம் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கணும். லிங்க்ட்இன் 2003 மே மாசம் திறந்தாங்க. 2016-ல மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் குடுத்து வாங்குச்சு. 2023-ல உலகம் பூரா 100 கோடி உறுப்பினரைத் தாண்டிடுச்சு. இந்தியால மட்டும் 10 கோடிக்கு மேல, அமெரிக்காவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இத்தனை பேர் எழுதறதை எல்லாருக்கும் காட்ட முடியாது. அதனால யாருக்கு எதைக் காட்டறதுன்னு அல்காரிதம் முடிவு பண்ணுது.

அந்த அல்காரிதம் எதைப் பாக்குதுன்னு அவங்களே அப்பப்ப சொல்லியிருக்காங்க. 499 ரூபா குடுக்க வேண்டாம். 2020-ல அவங்க என்ஜினியர்கள் எழுதின ஒரு கட்டுரைல, லைக்கையும் கமென்ட்டையும் மட்டும் எண்ணாம, ஒருத்தர் ஒரு போஸ்ட்ல எவ்வளவு நேரம் நின்னு படிக்கறார்னும் கணக்குல எடுக்கறோம்னு விளக்கினாங்க. 2022-ல, "லைக் போடு, யெஸ்னு எழுது"ன்னு கெஞ்சற போஸ்ட்டுகளைக் கம்மியாத்தான் காட்டப் போறோம்னு அறிவிச்சாங்க. 2023-ல அதோட தலைமை ஆசிரியர் டேனியல் ராத் ஒரு பத்திரிகைப் பேட்டில, வைரல் ஆகறதை நாங்க ஊக்குவிக்கல, தன் துறைல தெரிஞ்ச விஷயத்தைச் சொல்றவங்களை, அது யாருக்கு உபயோகமோ அவங்ககிட்ட கொண்டுபோறதுதான் வேணும்னு சொன்னார்.

இப்ப அந்த பிடிஎஃப்பைத் திரும்பப் பாருங்க. யெஸ்னு கமென்ட் போடச் சொல்லுன்னு இருக்கு. அதைச் செஞ்சா போஸ்ட் கீழ போகும்னு அந்தக் கம்பெனியே பகிரங்கமா சொன்னதுக்கு அப்புறமும், அதைக் காசுக்கு வித்திருக்காங்க, அதுவும் ஒரு சின்னப் பையன்கிட்ட.

அந்த இருபது பேர் குரூப் விஷயம் இன்னும் மோசம். யோசிச்சுப் பாருங்க. அதுல ஒருத்தர் இன்சூரன்ஸ் விக்கறவர், ஒருத்தர் யோகா சொல்லித் தர்றவர், ஒருத்தர் வீட்டு புரோக்கர். இவங்க எல்லாரும் தம்பியோட பைக்கு உடனே லைக் போடறாங்க. மெஷின் என்ன நினைக்கும்? ஓ, இது இவங்களுக்குப் பிடிச்ச விஷயம்னு மறுபடியும் அவங்களுக்கும் அவங்க ஆளுங்களுக்கும்தானே காட்டும்? பை வாங்கறவர் அந்தக் கூட்டத்துல ஒருத்தர்கூட இல்லையே!

அந்த ஞாயித்துக்கிழமை நேராவே தம்பி கடைக்குக் கிளம்பிப் போயிட்டேன்.

தம்பியோட ப்ரொஃபைலைத் திறந்தா, பேருக்குக் கீழ "ஓனர் அட்"னு போட்டு ஒரு கம்பெனி பேரு. அவ்வளவுதான். அந்தப் பேரை யாருக்குத் தெரியும்? அந்தத் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம் குடுத்திருக்காங்க. தேடறவங்க கண்ணுல முதல்ல படறது அதுதான். நீங்க எங்க போஸ்ட் போட்டாலும், யாருக்குக் கமென்ட் எழுதினாலும் உங்க பேருக்குக் கீழ அந்த வரி கூடவே போகும். (உங்க கடை போர்டு உங்க கூடவே நடந்து வருதுன்னா சும்மா விடலாமா?) மாத்தினோம். "தாராவில லேப்டாப் பை, பெல்ட், பர்ஸ் தைக்கிறோம். கம்பெனி லோகோ போட்டுத் தருவோம். 50-ல இருந்து ஆர்டர் எடுப்போம்." இங்கிலீஷ்லதான் போட்டோம், பர்ச்சேஸ் பண்றவங்க இங்கிலீஷ்லதான் தேடுவாங்க. ஆதார் வச்சு டிஜிலாக்கர் வழியா அடையாளத்தைச் சரிபாத்துக்கற வசதி 2023-லயே வந்துடுச்சு, அதையும் முடிச்சோம். முகம் தெரியாத ஒருத்தருக்கு அட்வான்ஸ் அனுப்பப் போறவங்களுக்கு அது ஒரு தைரியம்.

அடுத்து அவன் எழுதின போஸ்ட்டுகள். எல்லாமே ஒரே ராகம். "நாங்கள் உயர்தரத் தோல் பொருட்களின் முன்னணித் தயாரிப்பாளர்கள், தரமே எங்கள் தாரக மந்திரம்." கூடவே இன்டர்நெட்ல எடுத்த பை படம், அதுவும் அவன் தைக்காத பை!

"ஏன் தம்பி, உங்க பை படம் எங்க?"ன்னு கேட்டேன்.

"நம்ம கடை சின்னதுல்லா அக்கா, காட்டுனா யாரு வாங்குவா?"ன்னான்.

எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. இதுக்குக் காரணம் அவன் இல்ல. தாராவியை மத்தவங்க படம் எடுத்த விதம். 2008-ல ஸ்லம்டாக் மில்லியனர் வந்ததுக்கு அப்புறம் கேமராவோட வந்தவங்கள்ல எத்தனை பேர் சாக்கடையையும் தகரக் கூரையையும் மட்டும் எடுத்துட்டுப் போனாங்க! அதே கூரைக்குக் கீழ கோடிக்கணக்குல வியாபாரம் நடக்குது. 1887-லயே இங்க பெரிய மசூதி கட்டற அளவுக்குக் குடியேறின ஜனங்க இருந்தாங்க, அந்தக் காலத்துலயே தோல் பதனிடற வேலையைத் தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்க இங்க ஊனினாங்க. இன்னிக்குப் பதனிடற வேலை அநேகமா வெளியூருக்குப் போயிடுச்சு, சென்னை, கான்பூர், கொல்கத்தான்னு தோல் வெளிய இருந்து வருது. ஆனா வெட்டு, தையல், ஓரம், பாலீஷ், இந்தக் கைவேலை இன்னும் இங்கதான் இருக்கு. சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டுல வரிசையா கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூம் இருக்கே, அங்க தொங்கற பைக்குப் பின்னால இருக்கறது இந்தச் சந்துகள்ல இருக்கற கைதான்.

அதைத்தான் காட்டணும்னு சொன்னேன். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல, கை, ஊசி, தோல், அவ்வளவுதான் படம். பரிதாபப் படம் ஒண்ணுகூட வேண்டாம். (கூட வேலை செய்யறவங்க முகம் வருதுன்னா அவங்களைக் கேட்டுட்டு எடுக்கணும். இதுல எனக்கு ரொம்பப் பிடிவாதம் உண்டு.)

படம் ஆச்சு. எழுத்து?

"ஆபீஸ் பைல முதல்ல எது பிய்யும் அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். மெஷின்ல இருந்து தலையைத் தூக்காமலே சொல்ல ஆரம்பிச்சார். கைப்பிடிதான். கைப்பிடி பையோட சேர்ற இடம். அங்க தோலோட ஓரத்தைச் சீவி மெல்லிசாக்காம அப்படியே மடிச்சுத் தச்சா தடிச்சுக்கும், ஊசி சரியா இறங்காது, நூல் இழுபட்டு அறுந்துடும். சீவறதுக்கு நேரமாகும், நேரம்னா கூலி. விலை குறைக்கணும்னு சொன்ன உடனே முதல்ல விடுபடற வேலை அதுதான். வாங்கறவர் கண்ணுக்கு அது தெரியாது, மூணு மாசம் கழிச்சுக் கைக்குத் தெரியும்.

நான் கேட்டுக்கிட்டே உக்காந்துட்டேன். எவ்வளவு பை வாங்கியிருக்கேன், யாராவது இதைச் சொன்னாங்களா?

"அண்ணாச்சி, இதைத்தான் எழுதணும்."

அவர் அப்பதான் நிமிந்து பாத்தார். "எம்மா, தைக்கது பத்தாதாக்கும், தச்சதைப் பத்தி எழுத வேற செய்யணுமா?"

இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்ல. இதே தொனில இதை நான் மாட்டுங்கால கேட்டு வளந்திருக்கேன்.

எங்க தாத்தா ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனில ஸ்டெனோ. மாட்டுங்கா அப்ப அப்படித்தான். தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலின்னு எங்கெங்கயோ இருந்து டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கத்துக்கிட்டு ரயிலேறி வந்து, கிங்ஸ் சர்க்கிளைச் சுத்திக் குடியேறினவங்க. 1932-ல பசங்களுக்குப் பள்ளிக்கூடம் வேணும்னு சௌத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டி ஆரம்பிச்சாங்க. பாட்டுக்கு ஒரு சபா வேணும்னு 1952-ல ஷண்முகானந்தா. மெஸ், கோவில், பூக்கடை, வாழை இலைக் கடை எல்லாம் இருந்துச்சு. கூட்டமா நம்ம பேரு எல்லாருக்கும் தெரிஞ்சுது. தனியா ஒரு ஆளோட பேரு வெளிய தெரியறதுக்கு மட்டும் பயந்தாங்க.

பயத்துக்குக் காரணம் இருந்துச்சு. பால் தாக்கரே 1960-ல மார்மிக்னு ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சார். அதுல பம்பாய் ஆபீஸ்கள்ல பெரிய பதவில இருக்கற தென்னிந்தியர்களோட பேரைப் பட்டியல் பட்டியலா போட்டாங்க. டெலிபோன் டைரக்டரில இருந்துகூட பேரு எடுத்துப் போட்டாங்க. நம்ம வேலையை யாரு பிடிச்சு வச்சிருக்காங்க பாருங்கன்னு மராத்திக்காரங்களுக்குக் காட்டறதுக்கு. 1966 ஜூன்ல சிவசேனா பிறந்துச்சு. அதுக்கப்புறம் உடுப்பி ஹோட்டல் கண்ணாடி உடைஞ்சதும், தெருல லுங்கிக்காரன்னு கூப்பிட்டதும் எங்க வீட்டுப் பெரியவங்க எல்லாருக்கும் மனப்பாடம்.

அந்த நாள்ல பேரு அச்சுல வர்றதுன்னா ஆபத்து. அதனால தாத்தா எங்களுக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணு: வேலையைச் சுத்தமா செய், பேசாம வீட்டுக்கு வா. அந்தத் தலைமுறை அப்படித்தான் பொழைச்சுது. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, அவங்க புத்திசாலிகள்.

ஆனா பயம் போயும் பழக்கம் போகலையே! செம்பூர் சேடா நகர் முருகன் கோவில் வாசல்ல சாயங்காலம் நின்னு பாருங்க. உரக் கம்பெனிலயும், மாகுல் பக்கத்து ரிஃபைனரிலயும் முப்பது வருஷம் பாய்லரையும் பம்ப்பையும் கட்டி மேய்ச்சவங்க அங்க பேசிக்கிட்டு நிப்பாங்க. ஒரு வால்வு ஏன் லீக் ஆகுதுன்னு கேட்டா முக்கால் மணி நேரம் பாடம் எடுப்பாங்க, அவ்வளவு ஞானம்! அவங்க லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்தா என்ன இருக்கு? பொங்கல் வாழ்த்து. தீபாவளி வாழ்த்து. யாரோ எழுதின ஒரு பொன்மொழி. அந்த வால்வுக் கதையை எழுதினா வதோதராலயும் விசாகப்பட்டினத்துலயும் இருக்கற சின்னப் பசங்க தேடி வந்து படிப்பாங்க. எழுத மாட்டேங்கறாங்க. "நம்ம பெருமையை நாமளே பேசறதா?"ன்னு ஒரு கூச்சம்.

கைப்பிடி ஏன் பிய்யுதுன்னு சொல்றது பெருமை பேசறது ஆகாதுங்க. படிக்கறவருக்கு அது ஒரு உபகாரம். இதை அண்ணாச்சிக்குப் புரிய வைக்கத்தான் எனக்கு அன்னிக்கு நேரம் எடுத்துச்சு.

இன்னொண்ணும் சொன்னேன். நம்ம ஊர் டப்பாவாலாக்களை எடுத்துக்கோங்க. 2003-ல இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் சர்ச்கேட்டுக்கு வந்து பாத்துட்டுப் போனார். 2010-ல ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் அவங்களைப் பத்திப் பாடமே எழுதிடுச்சு. ரொம்பத் தகுதியானவங்க, சந்தேகமே இல்ல. அதே மும்பைல, அதே மாதிரி தினமும், தாராவில நம்ம ஜனங்க ராத்திரியே மாவாட்டி, விடியறதுக்கு முன்ன இட்லி அவிச்சு, அலுமினிய அண்டால அடுக்கி, சைக்கிள்ல ஊர் பூரா கொண்டுபோறாங்க. அவங்களைப் பத்தி எந்தப் பாடம் இருக்கு? வேலைல என்ன குறை? யாரும் உக்காந்து எழுதல, அவ்வளவுதான்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி, நீ கேளு, நான் சொல்லுதேன்"ன்னார்.

அவர் சொல்லச் சொல்ல தம்பி போன்ல குரல் தட்டச்சைப் போட்டுப் பிடிச்சான். முதல் தடவை தையல் மெஷின் சத்தத்துல என்னென்னவோ விழுந்துச்சு. "கைப்பிடி"ங்கறது "கை படி" ஆயிடுச்சு, "சீவணும்"ங்கறது "சிவனும்" ஆயிடுச்சு. சந்து முனைக்குப் போய்ப் பாத்தோம், அங்க டெம்போ ஹார்ன். கடைசில மாடில, துணி காயற இடத்துல போய் உக்காந்து பேசினப்ப நல்லா வந்துச்சு. அதுல திருத்தினது கொஞ்சம்தான். அண்ணாச்சி பேச்சு அப்படியே இருக்கணும்னு நான் கண்டிப்பா சொல்லிட்டேன். இப்பல்லாம் ஏஐகிட்ட எழுதச் சொல்லி வாங்கிப் போடறாங்க, பாதி லிங்க்ட்இன் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கு. அண்ணாச்சி மாதிரி பேசறதுக்கு அண்ணாச்சி ஒருத்தர்தான்.

முதல் வரிக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டோம். ஏன்னா போன்ல போஸ்ட்டோட முதல் ரெண்டு மூணு வரிதான் தெரியும், மிச்சம் "மேலும்"னு ஒரு பட்டனுக்குள்ள ஒளிஞ்சுக்கும். தமிழ்ல எழுதினா இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும், நம்ம எழுத்து அகலம். மொத்த இடம் 3,000 எழுத்துன்னு சொல்றாங்களே, அதுவும் தமிழுக்குச் சீக்கிரம் தீந்துடும். "கி"ங்கறது நமக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு "க" ஒண்ணு, கொக்கி ஒண்ணு, ஆக ரெண்டு. அதனால "அனைவருக்கும் வணக்கம், இன்று உங்களுடன் ஒரு முக்கியமான விஷயத்தைப் பகிர்ந்துகொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்"னு ஆரம்பிச்சீங்கன்னா வணக்கத்துலயே கதவு சாத்திடும். வணக்கத்தை மனசுல சொல்லிக்கோங்க.

தம்பி போட்ட முதல் வரி இது: "ஆபீஸ் பைல முதல்ல பிய்யறது கைப்பிடி. இருபது வருஷத்துக்கு மேல பை தைக்கிற எங்க அப்பா ஏன்னு சொல்றார்." இங்கிலீஷ்ல ஒண்ணு, அதே விஷயம் தமிழ்ல ஒண்ணு, ரெண்டு நாள் இடைவெளி விட்டு.

தமிழ்ல எதுக்குன்னு சிலர் கேக்கறாங்க. லிங்க்ட்இன் இந்திய மொழின்னு முதல்ல இறங்கினது 2021 டிசம்பர்ல, இந்தில. ஆனா நாம தமிழ்ல போஸ்ட் எழுத யாரு அனுமதியும் வேண்டாம், யூனிகோடுல அடிச்சா போதும். தம்பியோட தொழிலுக்குத் தமிழ் ரொம்பவே முக்கியம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு இந்தியத் தோல் தொழிலோட பெரிய பங்கு நம்ம தமிழ்நாட்டுல இருக்கு. அடையாறுல 1948-லயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்துடுச்சு. அங்க படிச்சவங்க, வேலை பாத்தவங்க உலகம் பூரா இருக்காங்க. "மாட்டுங்கால பக்கத்து வீடு"ன்னு இருக்கறவங்களை மட்டும் கனெக்ஷன்ல சேக்காம இவங்களைத் தேடிச் சேக்கச் சொன்னேன். சேக்கும்போது ரெண்டு வரி, நான் யாரு, உங்களை ஏன் சேக்கறேன்னு. அதுல பாதிப் பேர் தமிழ்ல பதில் போட்டாங்க!

நேரம் பத்திக் கேப்பீங்க. எட்டு மணியா, பன்னெண்டு மணியா? நான் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்திருக்கேன். என் அனுபவத்துல ஒரே ஒரு கணக்குதான் வேலை செஞ்சுது: போட்டதுக்கு அப்புறம் அரை மணி நேரம் உங்களுக்குச் சும்மா இருக்க முடியுமா? அப்பப் போடுங்க. யாராவது கேள்வி கேட்டா உடனே பதில் சொல்லலாம், அவர் இன்னொரு கேள்வி கேப்பார், அந்தப் பேச்சைப் பாக்க இன்னும் ரெண்டு பேர் வருவாங்க. காலைல எட்டு மணிக்குப் போட்டுட்டு குர்லால கூட்டத்துல நசுங்கிக்கிட்டு நின்னா யாருக்குப் பதில் சொல்றது? தம்பிக்கு ராத்திரி ஒம்போது மணிதான் தோது. அவனுக்கு அதுதான் நல்ல நேரம்.

நேரத்தைவிட முக்கியம், விடாம வர்றது. இட்லிக்காரர் ரப்பர் ஹார்னை அமுக்கிக்கிட்டு பாம் பாம்னு தினமும் அதே தெருவுக்கு அதே நேரத்துக்கு வர்றார். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்க பில்டிங்ல பாதிப் பேர் பாத்திரத்தோட இறங்குவாங்க. ஒரு நாள் அஞ்சு தடவை வந்துட்டு அப்புறம் ஒரு மாசம் காணாம போனார்னா யாரு எதிர்பாத்து நிப்பா? தம்பிகிட்ட வாரத்துக்கு ஒண்ணு போதும்னு சொல்லியிருக்கேன். புதன்கிழமை புதன்கிழமை, ஒரு சின்ன விஷயம். ரெக்சினுக்கும் தோலுக்கும் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது, மழைல நனைஞ்ச பையை என்ன பண்ணணும் (மும்பைல இதை எழுதாம வேற எதை எழுத!), ஜிப்பு ஏன் மாட்டிக்குது. அண்ணாச்சி வாயைத் திறந்தா ரெண்டு வருஷத்துக்கு விஷயம் இருக்கு.

லிங்க்கை போஸ்ட்டுக்குள்ள வைக்கலாமா, கமென்ட்ல வைக்கலாமான்னு ஒரு பெரிய சண்டை நடக்குது. ரெண்டும் செஞ்சு பாத்துட்டு இப்ப நான் விஷயம் முழுசையும் போஸ்ட்லயே சொல்லிடறேன். லிங்க்கைத் தட்டி வெளிய போனவர் கேள்வி கேக்கத் திரும்பி வர்றதில்ல. ஹேஷ்டேக் ரெண்டு மூணுக்கு மேல எதுக்கு? சந்தைல பத்துப் பேர் ஒரே நேரத்துல கத்தற மாதிரி இருக்கு.

நீங்க எழுதறதைவிட மத்தவங்க எழுதறதுக்குக் கீழ எழுதறது இன்னும் பலன் தரும். "நைஸ்", "சூப்பர் சார்", கை தட்டற பொம்மை, இதெல்லாம் கணக்குல வராது. தம்பி போன வாரம் ஒரு பெரிய கம்பெனி அதிகாரி போட்ட தீபாவளிப் பரிசு பத்தின போஸ்ட்டுக்குக் கீழ, "சார், பைல லோகோவை ஸ்டிக்கரா ஒட்டினா மழைக்காலத்துல உரிஞ்சுடும், அழுத்திப் பதிச்சா பை இருக்கற வரைக்கும் இருக்கும்"னு நாலு வரி எழுதினான். விலை சொல்லல, வாங்குங்கன்னு சொல்லல. அந்த நாலு வரியைப் பாத்துட்டு அவன் ப்ரொஃபைலுக்கு வந்தவங்க, அதுவரைக்கும் வந்தவங்களைவிட அதிகம்.

கைப்பிடி போஸ்ட் வைரல் ஆச்சான்னு கேட்டீங்கன்னா, ஆகல. ஆனா படிச்சவங்க யாருன்னு பாருங்க. ராணிப்பேட்டைல இருந்து ஒரு பெரியவர், சீவற கத்தி பத்தி அண்ணாச்சியோட வாதமே பண்ணினார். அந்தேரில பர்ச்சேஸ் பாக்கற ஒருத்தர், லேப்டாப் பை 200 வேணும்னா எத்தனை நாள் ஆகும், சாம்பிள் அனுப்ப முடியுமான்னு கேட்டார். சாம்பிள் போயிருக்கு. அண்ணாச்சியே ஓரம் சீவினார்.

இப்ப எதுக்கு இவ்வளவு அவசரப்படறேன்னா, தாராவி மாறப் போகுது. 2022 நவம்பர்ல மறுசீரமைப்பு டெண்டரை அதானி குழுமம் ஜெயிச்சுது. 2024-ல வீடு வீடா கணக்கெடுப்பு ஆரம்பிச்சாங்க. எந்தக் கடை எங்க போகும், எந்தச் சந்து இருக்கும்னு சொல்ல முடியாது. 2015-ல மாட்டிறைச்சித் தடைச் சட்டம் வந்தப்பவே தோல் யாவாரம் ஒரு பெரிய அடி வாங்கினதை இவங்க கண்ணால பாத்தவங்க. இந்தச் சந்தோட அடையாளத்தை வச்சுத் தேடி வர்ற வாடிக்கையாளர், சந்து இல்லாமப் போனா எங்க போய்த் தேடுவார்? பேரைச் சொல்லித் தேடினா கிடைக்கணும். அதுக்கு இப்பவே பேரு பதிஞ்சு இருக்கணும்.

தாராவியோ மாட்டுங்காவோ செம்பூரோ, எங்க இருந்து இதைப் படிச்சாலும் சரி, ரெண்டு காரியம் செய்யுங்க. இந்த வாரம் உங்க வேலைல உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயத்தை, வீட்டுல சொல்ற மாதிரியே எழுதி லிங்க்ட்இன்ல போடுங்க. அப்புறம், சின்னக் கடைக்காரங்க யாராவது தங்கள் வேலையைப் பத்தி எழுதியிருந்தா, லைக் போட்டுட்டு நகராம ஒரு நிஜமான கேள்வி கேளுங்க.

உங்க போஸ்ட்டோட லிங்க்கைக் கீழ விட்டுட்டுப் போங்க. ஒவ்வொண்ணையும் படிச்சு, நானும் கேள்வி கேக்கறேன்.